கோணல் வில்

மேற்கு மலைத்தொடருக்குப் பின்னால் கதிரவன் இறங்கிய பின்பும், அவன் இறைத்துச் சென்ற செம்மை நுரையாற்றின் நீரிலிருந்து முழுதும் வடிந்துவிடவில்லை. அதற்குள் கீழ்த்திசையில் முழுமதி எழுந்து, கோடற்கோட்டையின் நெடுமதில்களையும், கரையோரத்து மருதமரங்களையும், மணலில் அடித்திருந்த வேட்டைக் கூடாரங்களையும் ஒரே வெண்மையில் நனைக்கத் தொடங்கிவிட்டது. இத்தனை எழிலும் கொட்டிக் கிடந்த அந்த மாலைப்பொழுதில், கோடல்நாட்டு இளவரசி காரிநங்கை எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறீர்கள், வாசகர்களே? நிலவையா? நீரையா? அதுதான் இல்லை. காட்டை நோக்கிப் போன மாட்டுவண்டி ஒன்றில் அடுக்கியிருந்த மரக்கழிகளைத்தான் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழிகளில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்நாட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கோடல்நாட்டில் அரியணை ஏற விரும்புகிறவர் முதலில் அரியணை வேட்டையில் வென்றாக வேண்டும். காலையில் சபை நடுவே, படைக்கலச் சாலையிலிருந்து ஒரு வில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் தொட்டதுதான் வில், அப்புறம் மாற்றுவதற்கில்லை. மாலையில் காட்டு நீர்த்துறைக்கு எதிரே கட்டிய தழைக்குடிலுக்குள் மறைந்திருந்து, பொழுது சாய்வதற்குள், கொம்பு கிளைத்த கலைமான் ஒன்றை ஒரே அம்பில் வீழ்த்த வேண்டும். வென்ற வில் அரியணைக்கு மேலே பொற்கொக்கியில் தொங்கும். தவறிவிட்டாலோ, அரியணை அடுத்த உரிமையாளருக்குப் போய்விடும்.

அந்த அடுத்த உரிமையாளர், மூன்று மாதங்களுக்கு முன் நோயில் மறைந்த மன்னரின் தம்பி சாத்தன்வேள். அண்ணன் மகளைக் கன்னிமாடத்தில் அடைத்துவிட்டு, மறுமாதமே வெண்குன்றத்து நாட்டின்மேல் படையெடுப்பதென்று அம்மனிதர் நாளே குறித்து வைத்திருந்தார். பத்தாண்டுகளுக்கு முன் அதே வெண்குன்றத்தோடு நடந்த போர் முடிந்தபோது, தெருவுக்குத் தெரு தாலியிழந்து நின்ற பெண்களைச் சிறுமியாகப் பார்த்தவள் காரிநங்கை. அந்தக் காட்சியை மறுபடியும் பார்ப்பதில்லை என்று அன்றே அவள் நெஞ்சில் முடிவாகிவிட்டது.

தழைக்குடில் கட்டும் பொறுப்பும் அந்தச் சிற்றப்பனிடமே இருந்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாற்போலத்தான்! ஆளுயரத்துக்கு மேல் ஒரு முழம் இருக்க வேண்டிய கழிகள், இன்று அவள் மார்பளவுக்குக்கூட எட்டாதபடி வெட்டப்பட்டிருந்தன. மண்ணில் புதைந்தது போக மிஞ்சும் உயரத்தில், முழங்காலிட்டவர் தலை கூரையில் இடிக்காமல் இருந்தாலே பெரிது. முன்னோர் அனைவரும் ஏந்திய 'மலைநாகம்' என்ற நெடுவில்லோ, ஆளைவிட உயரமானது. அதை அந்தக் குடிலுக்குள் வளைத்தால் கீழ்நுனி தரையில் முட்டும், மேல்நுனி கூரைத்தழையில் சிக்கும், சலசலப்பில் மான் மலை தாண்டிவிடும். குலவில்லை விட்டு வேறொன்றை அவள் தொடமாட்டாள் என்ற நம்பிக்கையில் பின்னிய வலை அது. காரிநங்கைக்குக் கோபம் வரவில்லை. சிற்றப்பாவின் மூளையை மெச்சிச் சிரித்துக்கொண்டே கூடாரத்துக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலையில் சபை கூடியது. மலைநாகத்துக்கு மாலை சூட்டிச் சந்தனம் பூசி நடுவில் நிறுத்தியிருந்தார்கள். சாத்தன்வேள் அதன் பெருமையைப் பாதி நாழிகை பேசினார். வேட்டைக்கச்சை இறுக்கி வந்த காரிநங்கை அதன் முன்னே நின்று கைகுவித்தாள், ஆனால் தொடவில்லை. அடுத்தடுத்து இருந்த விற்களையும் கடந்தாள். சாலையின் கோடியில், அடுப்புக்குப் போகக் காத்திருந்த முறிந்த விற்களின் குவியலருகே போய், அதன்மேல் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தாள்.

சபை கொல்லென்று சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? மரமும் எருமைக்கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த, இரண்டரை முழ நீளமே இருந்த குறுவில் அது. நாணில்லாமல் கிடக்கையில் வில் வளைய வேண்டிய பக்கத்துக்கு நேர் மறுபக்கம் வளைந்திருந்தது. பழைய போரில் பகைவரிடமிருந்து கைப்பற்றி வந்த பொருள்களோடு வந்தது. வெயிலில் கோணிப்போன வில் என்று யாரோ சொல்ல, பத்தாண்டுகளாக அந்த நாட்டில் எல்லோரும் அதையே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

காரிநங்கை மட்டும் இரண்டு மாதங்களாக அதை நம்பவில்லை. வில் செப்பனிடும் கடம்பன் என்பவன் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கோணல் வில்லுக்கு அவன் நாள்தோறும் எண்ணெய் பூசுவதை ஒருநாள் அவள் கண்டுவிட்டாள். விறகுக்கு எண்ணெய் பூசுகிறவன் உலகத்தில் உண்டா? பின்தொடர்ந்து போய்ப் பார்த்தபோது, மாந்தோப்பில் அவன் அதற்கு நாணேற்றி, இருபத்தைந்து அடியில் ஒரு மாவடுவைக் காம்போடு கொய்தான். யாரிடம் கற்றாய் என்று கேட்டதற்குக் குதிரை வணிகரிடம் என்றான். நம்பியதுபோல் தலையசைத்து, எனக்கும் கற்றுக்கொடு என்றாள். அன்று முதல் விடியற்காலைகளெல்லாம் மாந்தோப்பிலேயே கழிந்தன. அவள் அம்பு குறி தவறினால் அவன் ஒன்றும் சொல்வதில்லை. தவறாதபோது மட்டும் அவன் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்காகவே அவள் தவறாமல் எய்யப் பழகினாள்.

சபையில் சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பின்பு கச்சையில் செருகியிருந்த நாணின் ஒரு முனையைக் கீழ்நுனியில் மாட்டி, வில்லுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு காலை நுழைத்து, கீழ்நுனியை மறுகாலின் கணுக்காலில் ஊன்றி, தொடையால் பிடியை அழுத்தி, வில் வளைந்திருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மேல்நுனியை வளைத்து நாணை மாட்டினாள். கோணல் வில் நிமிர்ந்து, இரு நுனியும் முன்னோக்கிச் சுருண்ட அழகிய குறுவில்லாயிற்று. நாணைச் சுண்டியபோது எழுந்த ஒலி சாலையின் மறுகோடிவரை கேட்டது.

சாத்தன்வேளின் முகம் கறுத்தது. இப்படி நாணேற்றும் கைகளைப் போர்க்களத்தில் நேருக்கு நேர் பார்த்தவர் அவர்.

"இந்த வித்தையை உனக்குக் கற்பித்தவன் யார்?" என்று கேட்டார்.

"அரியணை வேட்டையன்று கேள்வி கேட்கும் உரிமை அரசர் ஒருவருக்கே உண்டு, சிற்றப்பா. அரசர் யாரென்பது மாலையில் தெரியும், அதுவரை பொறுத்தருள்க" என்றாள் அவள்.

மாலையில் அவள் தழைக்குடிலுக்குள் முழங்காலிட்டாள். ஆயுதமில்லாத துணைவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம் என்பதால் கடம்பன் பக்கத்தில் இருந்தான். காற்று நீர்த்துறையிலிருந்து அவர்களை நோக்கி வீசியது. முதலில் பெண்மான்கள் இரண்டு வந்து நீர் குடித்துப் போயின. கதிரவனின் விளிம்பு மலையைத் தொட்டது. இத்தனை பெண்களின் தாலி இந்த ஒரு விரல் நுனியிலா என்று தோன்றிய கணம், காரிநங்கை உண்மையாகவே பயந்துவிட்டாள். அப்போதுதான் மூங்கிற்புதரை விலக்கிக்கொண்டு, கிளைத்த கொம்புகளோடு கலைமான் ஒன்று வெளிப்பட்டது.

இருபத்தைந்து அடிதான். நெடுவில் கேட்கும் தொலைவா அது? மானின் தலை நீரை நோக்கித் தாழ்ந்தபோது, தரையிலும் முட்டாமல், தழையிலும் உரசாமல், குறுவில் வளைந்து நாண் அவள் காதுவரை வந்தது. அம்பு போன ஓசைகூடக் கேட்கவில்லை. மான் ஒரு துள்ளு துள்ளி நீர்விளிம்பிலேயே விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். கடம்பன் முகம் மலர்ந்திருந்தது.

வேட்டைமுரசு முழங்க, சபையோரும் வீரரும் ஓடிவந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வந்த சாத்தன்வேள் மானைப் பார்க்கவேயில்லை. கடம்பனைச் சுட்டிக்காட்டி, வெண்குன்றத்து ஒற்றனைக் கட்டுங்கள் என்றார். வீரர்கள் அவரைப் பார்க்கவில்லை. காரிநங்கையின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த ஒரு பார்வையிலேயே அரசு கைமாறிவிட்டது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

"இப்போது கேள்வி கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்றாள் காரிநங்கை. "கடம்பரே, குதிரை வணிகர் எவரும் வில்லெடுத்து நான் கண்டதில்லை. நீர் வெண்குன்றத்தவர் என்பதை மாந்தோப்பில் கண்ட முதல் நாளே அறிவேன். அறியாதது ஒன்றுதான். ஒற்று வந்தவர் ஒரு மாதத்தில் திரும்பியிருக்க வேண்டாமா? ஆறு மாதம் எதற்காக இங்கே இருந்தீர்?"

அவன் அவள் கையிலிருந்த வில்லை ஒருமுறை பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்றான்.

"இந்த வில்லுக்காக, தேவி. பத்தாண்டுகளுக்கு முன் நுரையாற்றுத் துறையில் வீழ்ந்த வெண்குன்றத்துப் பட்டத்து இளவரசரின் வில் இது. அவர் என் தமையன். நான் அவருக்கு இளையவன், ஆய்வேலன். விறகுக்குவியலில் இதைக் கண்டபின் விட்டுப்போகக் கால் வரவில்லை."

"ஆறு மாதமும் வில்லுக்காகவேதானா?"

"முதல் நான்கு மாதம் வில்லுக்காக" என்றான் ஆய்வேலன்.

சாத்தன்வேளின் கை உடைவாளுக்குப் போயிற்று. காரிநங்கை அதற்குள் வில்லின் நாணைக் கழற்றி, அதை மறுபடி கோணலாக்கி, இரு கைகளாலும் ஆய்வேலனிடம் நீட்டினாள். மகனை இழந்த உம் தந்தையிடம் இதைச் சேர்ப்பியும், இந்த மண்ணில் இந்த வில் எய்த அம்பு ஒரு போரைத் தடுத்தது என்று சொல்லும் என்றாள். ஆய்வேலன் மண்டியிட்டு வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

"என் தமையனின் வில்மேல் ஆணை. நானிருக்கும்வரை கோடல்நாட்டின்மேல் வெண்குன்றத்து அம்பு ஒன்றும் பறவாது. அடுத்த கார்காலத்துக்குள், என் சொந்தப் பெயரோடு, கோட்டைத் தலைவாயில் வழியாகவே இதைக் கொண்டுவருவேன்."

மறுநாள் முடிசூட்டு மண்டபத்தில், அரியணைக்கு மேலிருந்த பொற்கொக்கி வெறுமையாகத் தொங்கியது. சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வென்ற வில் எங்கே என்று சாத்தன்வேள்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"அதைக் கொண்டுவர வேண்டியவரை அழைத்துவரப் போயிருக்கிறது, சிற்றப்பா" என்று சொல்லிவிட்டு, காரிநங்கை அரியணையில் அமர்ந்தாள்.

சபை முழுவதும் எழுந்து நின்றது. எல்லோருக்கும் கடைசியாக, சாத்தன்வேளும் எழுந்தார்.