முப்பத்திரண்டு முகங்கள்

சிவகாசியில் அந்த அச்சகத்தின் இரும்புக் கதவை அருணாதேவி தட்டியபோது பகல் பதினொன்றரை மணி. வெள்ளிக்கிழமை சுதந்திர தினம், அடுத்து சனி, ஞாயிறு. மூன்று நாள் விடுமுறையில் தெருவே வாயடைத்துக் கிடந்தது.

காவலாளி நாகையா அவள் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தார்.

"என்ன தாயி, பொன்னாடையோட வந்திருக்கீக. கம்பெனிய வெலைக்கு வாங்கிட்டீகளா?"

"பாலகுரு இருக்காகளா?"

"அவரு எங்க போகப்போறாரு. திங்கக்கெழம லோடு. ஊருக்கெல்லாம் லீவு, அவருக்கு மட்டும் கெடையாது."

அன்று காலை ஏழாயிரம்பண்ணைப் பள்ளியில் கொடியேற்றியவர்கள் போர்த்திய சால்வை அது. அவள் கணவன் ஊர்க்காவலன் எல்லையில் இறந்து ஆறு வருடமாகிறது. அவன் பெயரைச் சொல்லி எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு பையன்கள் வெடி போட்டார்கள். புகையோடு மேலே போன காகிதத் துண்டுகளில் ஒன்று அவள் பாதத்தில் வந்து விழுந்தது.

அதில் ஒரு கண் இருந்தது. புருவத்தை இரண்டாக வெட்டிய, ஊர்க்காவலனின் அதே தழும்பும் இருந்தது.

அவள் அதை யாரிடமும் காட்டவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

உள்ளே இயந்திரங்கள் நின்றிருந்தன. ஆளுயரக் காகித அடுக்குகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைபோல ஒரு வழி. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. நாலடி நடந்ததும் அதனடியில் வேறொரு வாசனை வந்தது.

பூட்ஸ் பாலிஷ்.

"மதினி, நீங்களா? சாப்பிட்டீகளா?" கொழுந்தன் பாலகுரு அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து வந்தான். அவனுக்குச் செருப்புக் கால்.

அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவன் துண்டைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"காலண்டருக்குன்னுதான தம்பி படத்தக் கேட்ட?"

"வெடிக் கம்பெனில ஆரம்பத்துல அப்படித்தான் சொன்னாக. பொறகு 'வீரவணக்கம்'னு புது வெடி ஒண்ணு போட்டாக, அதுக்கு லேபிள் ஆர்டரு. அண்ணனுக்கு மரியாததான மதினி. தீவாளிக்குத் தெருத்தெருவா அவன் மூஞ்சி."

"தெருத்தெருவா கிழிஞ்சு கெடக்கும். மிதிச்சுட்டுப் போவாக. நிறுத்து."

"பாதிச் சரக்கு சாத்தூர்க் கடைக்கெல்லாம் போயிருச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "படத்தப் போடச் சம்மதம்னு தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்கதான. நான் ஒண்ணும் ஒங்க கையப் பிடிச்சுப் போடலயே."

அவள் வாசித்துவிட்டுத்தான் போட்டாள். 'லேபிள்' என்ற சொல்லின் மேல் அவள் கண் ஒரு கணம் நின்றது. தீப்பெட்டி லேபிளாக இருக்கும் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டாள். ஊருக்கு அவனை நினைக்க வருடத்தில் ஒரு நாள் போதும். அவளுக்கோ ஆறு வருடமாக ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. டிவி பார்த்துச் சிரித்தாலும் சுவரிலிருந்து அவன் பார்த்தான். அந்தப் பார்வையைக் கொஞ்ச நாள் ஊரே வாங்கிக்கொள்ளட்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

இதை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அடுக்கின் மேல் தாளில், லேபிளாக அச்சான முப்பத்திரண்டு ஊர்க்காவலன்கள் சிரித்தார்கள். கடைசி லீவு முடிந்து போனபோது அவள் போனில் எடுத்த படம்; வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதும் அதுதான். தெருமுனைக்குப் போனதும், பரேடில் திரும்புவதுபோலக் குதிகாலைத் தட்டித் திரும்பிச் சிரிப்பது அவன் வழக்கம்.

அவள் மேல் தாளை எடுத்தாள். அடுத்ததில் வாய் மூடியிருந்தது.

அதற்கடுத்ததில் முகம் பக்கவாட்டில்.

அடுத்ததில் காது.

அதற்கும் கீழே முப்பத்திரண்டு பிடரிகள். ஒட்ட வெட்டிய முடி, தோளில் பை. எல்லாம் தெருமுனையைப் பார்த்து நின்றன.

டக்.

அடுக்குகளுக்கு அந்தப் பக்கம், சிமெண்டுத் தரையில் ஒரு குதிகால்.

"தம்பி," அவள் தாளைக் கீழே வைக்காமலே கேட்டாள். "இங்கன வேற ஆரு இருக்கா?"

"ஆருமில்ல மதினி."

"அவரு திரும்பி நிக்காரு. பாரு."

அவன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். "சிரிச்ச மூஞ்சியாத்தான இருக்கு. என்னையப் பார்த்துத்தான சிரிக்கான்."

தன் முகத்தை விற்றவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அவளுக்கு மட்டும் முதுகு.

டக். டக். காலடிச் சத்தம் நிதானமாக வாசல் பக்கம் போய்க் கரைந்தது. பாலிஷ் வாசனையும் அதன் பின்னே போயிற்று.

அவள் துண்டை மறுபடி முடிந்துகொண்டு வெளியே ஓடினாள். நாகையா ஏதோ கேட்டார். காதில் ஏறவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தபோது மூன்று மணி இருக்கும். சுவரில் படம் மாட்டியபடி இருந்தது. காலையில் அவள் வைத்த கனகாம்பரம்கூட வாடவில்லை.

சட்டத்துக்குள் தெருமுனை மட்டும் இருந்தது. மின்கம்பம், மண் சாலை, வெயில். ஆள் இல்லை.

சாலையில் பூட்ஸ் தடம் ஒன்று, தூரமாகப் போகும் திசையில்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். மிச்சம் இருப்பது முந்தானையில் இருப்பதுதான். அதையாவது பத்திரப்படுத்தவேண்டும் என்று முடிச்சை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள்.

ஈரமாக இருந்தது.

துணிக்குள், அவள் உள்ளங்கை மேல், ஒரு இமை மெல்லத் திறந்து மூடியது.