சுல்தான் மாமா சாப்பிட்ட வியாழன்

வியாழன் கோளைச் சுல்தான் மாமா சாப்பிட்டுவிட்டார்.

ஆயர் ஈத்தாம் ஊரில், மாவை வீசி விரித்து ரொட்டி சானாய் சுடும் ஹனீபாவின் கடையில், காலையிலேயே அது நடந்துவிட்டது. பள்ளிச் சீருடையோடு ஓடிவந்த ஹனீபாவின் மகள் ஹனா தட்டைப் பார்த்துத் திகைத்தாள். தட்டு காலி.

"அத்தா! என் கோளெல்லாம் எங்க?"

"என்ன கோள்மா?"

"நேத்து மாவு வாங்கி உருட்டி வச்சேனே! சூரியன், பூமி, வியாழன் எல்லாம். காய்ஞ்சிடும்னு எண்ணெய்த் தட்டுல வச்சேன்."

ஹனீபா தலையில் கை வைத்தார். "அதான் ஒண்ணு பெருசும் ஒண்ணு சிறுசுமா இருந்துச்சா? பெருசுல சீனி வச்சு, தடியா ‘ரொட்டி போம்’ போட்டு நம்ம சுல்தானுக்குக் குடுத்துட்டேன்மா."

"சீனி தூக்கலா நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் எதிர் மேசையில் இருந்த சுல்தான் மாமா, விரலை நக்கியபடி.

"சூரியன்?"

"அத ரெண்டாக் கிள்ளி, ரெண்டு ரொட்டி போட்டுட்டேன்."

ஹனாவுக்குக் கண் கலங்கியது. சூரியக் குடும்பம் பிறந்த கதையை வகுப்பில் செய்துகாட்டுகிறவர்கள் மட்டும் இன்று மாலை வீட்டாரோடு வந்து, நோர்மா டீச்சரின் தொலைநோக்கியில் நிலாவைப் பார்க்கலாம். கூட்டாளி ராகினி அதற்காக ஒரு வாரமாகக் காத்திருக்கிறாள்.

அத்தாவின் முகம் வாடிப்போயிருந்தது. ஹனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல அத்தா. நான் சொல்லி வச்சிருக்கணும்."

"மன்னிச்சிரும்மா," என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த உருண்டையைச் சுழற்றி வீசினார். உருண்டை விரிந்தது. மறுபடி வீசினார். அது நிலா வட்டம்போல் மெலிந்து பரந்தது.

ஹனா அசையாமல் பார்த்தாள்.

"அத்தா, எனக்கு மூணு உருண்டையும் கொஞ்சம் உலர்ந்த மாவும் வேணும்!"

வகுப்பில் ஹனா மாவை வீசியபோது முதல் தடவை அது முழங்கையில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை விரிந்தது.

"பாத்தீங்களா? முதல்ல சூரியனும் இல்ல, பூமியும் இல்ல. பெரிய தூசி மேகம் மட்டும்தான். அது சுருங்கிச் சுருங்கி வேகமாச் சுத்துச்சு. சுத்தச் சுத்த, இப்படித் தட்டையாச்சு. நடுவுல சேர்ந்ததுதான் சூரியன். சுத்தி மிச்சம் இருந்த தூசி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டிக் கோளாச்சு. நானூத்தி அறுபது கோடி வருசத்துக்கு முந்தி!"



"அப்ப நிலா எங்க?" என்றான் முன் வரிசை ஹஸ்ருல்.

இதுவரை வாயே திறக்காத ராகினி ஓர் உருண்டையை மேசையில் வைத்து, அதன்மேல் உலர்ந்த மாவைக் கொட்டினாள். "இது சின்ன வயசு பூமி. இன்னொரு கோள் வந்து இடிச்சிருக்கும்னு சொல்றாங்க." சிறிய உருண்டையை ஓங்கி எறிந்தாள். டப்! மாவு புகைபோல் பறந்தது.

"பறந்ததெல்லாம் மேலேயே சேர்ந்து நிலாவாச்சு."

"கொஞ்சம் ஹஸ்ருல் மூக்குலயும் சேர்ந்திருச்சு," என்றார் நோர்மா டீச்சர்.

அன்று மாலை பள்ளித் திடலில் பாதி நிலா தெளிவாக நின்றது. ஹனீபா கடை ஏப்ரனோடேயே வந்திருந்தார்; வழியெல்லாம் ஹனா நிலா பிறந்த கதையைச் சொல்லியிருந்தாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். பள்ளமும் மேடும் நிழலுமாக, தொட்டுவிடலாம்போல் நிலா.

"இது நம்ம பூமியிலேர்ந்து போனதாம்மா?"

"ஆமா அத்தா. அதுவும் நாமளும் ஒரே மாவு."

வரிசை நீண்டது. ஹனா அவர் சட்டையை இழுத்தாள். "அத்தா, மத்தவங்களும் பாக்கணும். கடையில வேற ஆள் நிப்பாங்க."

"நிக்கட்டும்லா," என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "நோன்புக்கும் பெருநாளுக்கும் வருசா வருசம் பிறை தேடியிருக்கேன். நிலாவ இப்பத்தான் பாக்கறேன்."