ஜார்ஜ் மன்னரின் நெற்றி

பத்து மணிக்கு வங்கியின் இரும்புக் கதவு திறக்கும். பத்து ஐந்துக்கு நாணயச் சேகரிப்பாளர்கள் வந்துவிடுவார்கள். பணம் போடவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். கவுண்டர் கம்பிவலையில் மூக்கை அழுத்தி, மீன்காரியிடம் அயிலை கேட்பதுபோல, "வெள்ளி வந்துதா?" என்பார்கள்.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கை வெள்ளையடித்து எங்கள் கிளை என்று பெயர் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் அதன் சுவர்கள் வியர்க்கும். ஈர நோட்டும் பசையும் பழைய எண்ணெய்ச் சிக்கும் கலந்த வாடை, காலையில் உள்ளே நுழையும்போதே முகத்தில் வந்து படியும். நடுவே கம்பிவலை அடித்த கேஷ் கேபின். உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்று தலைமைக் காசாளரான எனக்கு, மற்றது லீலாபாய்க்கு. கேபின் கதவில் 'வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது' என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். மேனேஜருக்கு டீ கொண்டு வருபவரைக்கூட நான் உள்ளே விட்டதில்லை. லீலாபாய் அதற்கு 'தாசையன் சாருடெ கோட்டை' என்று பெயர் வைத்திருந்தாள்.

சேகரிப்பாளர்களில் முதன்மையானவர் கரமனை ஸ்ரீகண்டன். தலைமைச் செயலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவர். அவருடைய விசிட்டிங் கார்டில் ஏழு வரிகள் இருந்தன. அதில் ஒன்றுதான் பெயர். நாணயவியல் சங்கத்தின் நிறுவனத் தலைவர் என்பது இன்னொன்று. அந்தச் சங்கத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் நிர்வாகிகள். கழுத்தில் பூதக்கண்ணாடி, நெற்றியில் மெல்லிய விபூதிக்கோடு, அதன் நடுவே பட்டாணி அளவுக்குச் சந்தனப் பொட்டு. லீலாபாய்க்குத் தினமும் ஒரு மிட்டாய் லஞ்சம். அந்த மிட்டாய்க்குப் பதிலாக, மூட்டைச் சில்லறையில் தப்பித்தவறி வரும் பழைய காசுகளை அவள் எடுத்து வைக்க வேண்டும். காசுக்குக் காசு மாற்றிக்கொண்டு போவார். போகும்போது எங்களுக்கு வரலாறும் சொல்லித் தந்துவிட்டுப் போவார். கேட்காமல் கிடைப்பவற்றில் வரலாற்றைப்போல மோசமானது வேறில்லை.

தொண்ணூற்றெட்டு ஜூனில், மழை சாய்த்தடித்த ஒரு காலையில், உச்சிமாகாளி என்ற ஆள் கவுண்டருக்கு வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கரமனையில் ஒரு பழைய வீட்டை இடிக்கும் வேலை. ஈரம் சொட்டும் கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். அதை விரித்தானே தவிர, உள்ளே இருந்ததைத் தொடவில்லை.

ஒரு வெள்ளி ரூபாய். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. கிரீடத்துக்குக் கீழே, சரியாக நெற்றியில், ஓர் ஓட்டை.

"யம்மா, இது சர்க்கார் காசுல்லா? சர்க்காருட்டயே குடுத்திரலாம்னு வந்தேன்."

"இது இப்போ செல்லாது அண்ணாச்சி," என்றாள் லீலாபாய். "பழைய காலத்துக் காசாக்கும்."

"செல்லாண்டாம். நீங்க வச்சுக்கிடுங்க. வாசப்படிக்கு அடியில எதையோ அடக்கி, இது மேல ஆணி வச்சு எறக்கியிருந்தாவ. கடப்பாரையில கெளப்புனேன், ஆணி முறிஞ்சு மண்ணோட போயிட்டு. அன்னையிலேருந்து காதுல டொக்கு டொக்குன்னு கேக்கு."

"கடப்பாரை பிடிக்கிற ஆளுக்கு டொக்கு டொக்குன்னு கேக்காம வீணையா கேக்கும்?" என்றேன் நான்.

அவன் சிரிக்கவில்லை. "நீங்க படிச்சவிய. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன் சார். அந்த ஓட்டைய மட்டும் அடைச்சிராதிய. அது தெறந்து கெடக்க வரைக்கும் உள்ள உள்ளது அங்கனயே கெடக்கும். அடைச்சா வேற எடம் தேடும்."

லீலாபாய் டீ குடிக்கப் பத்து ரூபாய் நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு மழையில் இறங்கி நடந்தான். முதுகிலிருந்து சிமெண்ட் மூட்டையை இறக்கியவனின் நடை அது.

ஸ்ரீகண்டன் அதுவரை பெஞ்சில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆள் போனதும் பாய்ந்து வந்தார். காசை எடுத்தார். ஆண்டு பொறித்த பக்கத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். 1939. அந்த ஆண்டு ரூபாய் கிடைப்பது எவ்வளவு அரிது என்று அவரே எங்களுக்கு நூறு முறை பாடம் எடுத்திருந்தார்.

"சீ, பொட்டக் காசு. ஏதோ பொம்மனாட்டி மாலையிலே கோத்துப் போட்டது. ஓட்டைக் காசுக்கு மதிப்பே இல்லை, கேட்டேளா?"

மாலையில் கோர்ப்பவர்கள் விளிம்பில், வட்டமாகத் துளைப்பார்கள். இது சதுரமாக இருந்தது. மன்னரை நெற்றியில் குத்தித் தொங்கவிடும் நகையை நான் பார்த்ததில்லை. ஆனால் நிபுணரோடு யார் வாதாடுவது?

வெள்ளியைத் தட்டிப் பார்த்துச் சொல்வது அவருடைய பெருமைகளில் ஒன்று. கவுண்டர் பளிங்கில் காசைச் சுண்டினார். வெள்ளி என்றால் மணிபோல நீண்டு ஒலிக்க வேண்டும்.

டொக்.

மரத்தில் இரும்பு இறங்கும் ஓசை.

அவர் ஒருமுறைதான் சுண்டினார். எனக்கு மூன்றுமுறை கேட்டது.

"ஓட்டை இருக்கறதாலே நாதம் போயிடுத்து," என்று விளக்கம் தந்துவிட்டு, ஒரு புது ரூபாயை லீலாபாய் முன்னால் வைத்து, வெள்ளியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவர் படியிறங்கியதும் லீலாபாய் கேட்டாள். "சாரே, அவருடெ கூட வந்த அம்மா எதுக்கு வெளியில நின்னு நனையறாங்க?"

"எந்த அம்மா?"

"வாசல்ல. நெத்தியைக் கையால பொத்திக்கிட்டு."

எட்டிப் பார்த்தேன். மழை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஸ்ரீகண்டன் தரையில் கால் படாமல் வந்தார். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு தட்டானைப் பிடித்து ஓட்டையை வெள்ளியால் அடைத்து, மன்னருக்கு நெற்றியும் செதுக்கிவிட்டாராம்.

"பிரம்மாவாலே கண்டுபிடிக்க முடியாது, ஓய். ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நம்ம கண்காட்சி. தங்கப் பதக்கம் நேக்குத்தான். கொச்சி வியாபாரி ஒருத்தன் இப்பவே நாப்பதாயிரம்ங்கறான்."

"ஓட்டையை அடைக்க வேண்டாம்னு அந்த ஆள் சொன்னானே?" என்றேன்.

"கடப்பாரைக்காரன் நேக்கு நாணயவியல் சொல்லித் தரணுமாக்கும்?"

அவருடைய சந்தனப் பொட்டு அன்று பத்துப் பைசா அளவுக்கு இருந்தது. பதக்கம் வரப்போகிறதென்றால் பக்தியும் வளரும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் பொட்டு நாலணா அளவு. ஜூலை பாதியில் எட்டணா. எனக்குக் கொண்டாட்டம். "சந்தனம் விலை ஏறினதுக்கு ஸ்ரீகண்டன் சார்தான் காரணம்," என்று ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்தேன். பொட்டு ஒரு ரூபாய் அளவை எட்டியபோது அவர் வெள்ளி வந்ததா என்று கேட்பதையே விட்டிருந்தார். பெஞ்சில் வந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். சிறிது நேரத்துக்கு ஒருமுறை, யாரோ பின்னாலிருந்து தட்டியதுபோல அவர் தலை முன்னால் குலுங்கும்.

மூன்றுமுறை.

பிறகு ஓயும்.

பிறகு மூன்றுமுறை.

ஒரு நாள் கூரை ஒழுகி அவர் தலையில் சொட்டியது. சந்தனம் கரைந்து மூக்கின் மேல் வழிந்தது. துண்டை எடுத்துக்கொடுக்க எழுந்தவன் பாதியிலேயே நின்றுவிட்டேன்.

நெற்றியில் கறுப்பாக ஒரு சதுரம். ஓரங்கள் உளி வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தன.

ரத்தம் இல்லை.

ஆழம் இருந்தது.

அவர் கம்பிவலைக்கு வந்து கிசுகிசுத்தார். "டாக்டர் படம் எடுத்தான், தாசையன். உள்ளே ஏதோ சதுரமா நிழல் விழறதாம். மெஷின் கோளாறுங்கறான். கோளாறு ஒண்ணும் இல்லை. தெனம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிண்டே இருக்கு. முழுசா எறங்கினா நான் இல்லை."

"சார், நேரா தட்டான்கிட்ட போங்க. ஓட்டையைத் திறக்கச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தலைக்குள் ஓட்டை விழுந்துகொண்டிருக்கும் மனிதர், நான் ஏதோ மரியாதையற்ற வார்த்தை சொல்லிவிட்டதுபோலப் பார்த்தார்.

"தொறந்தா ஓட்டைக் காசு, ஓய். எவன் பதக்கம் தருவான்? நாப்பதாயிரம்! பதினஞ்சாம் தேதி கழியட்டும்."

அவர் தள்ளாடிப் போன பிறகு லீலாபாய் மிட்டாயைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"சாரே, அந்த அம்மா இன்னைக்கு உள்ளே வந்துட்டாங்க. பெஞ்சில அவர் பக்கத்திலதான் இருந்தாங்க. கையை எடுத்துட்டாங்க, கேட்டோ."

"எந்தக் கையை?"

"நெத்தியில வச்சிருந்ததை. இப்போ நெத்தி நல்ல சுத்தமா இருக்கு."

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி அவர் வந்தார். தலையில் துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி இல்லை. காசைக் கவுண்டரில் வைத்தார்.

"எடுத்துக்கோ லீலா. நாப்பதாயிரமும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம். ஒரு ரூபா குடுத்து வாங்கினேன். அந்த ஒரு ரூபாயைக் குடு, போறும்."

"இதைத் தட்டான்கிட்டயே கொண்டு போகலாமே சார்?" என்றேன்.

"போனேன். அந்தப் பாவி தொடமாட்டேங்கறான். அவனுக்கும் டொக்கு டொக்குன்னு கேக்கறதாம்."

லீலாபாய் இரண்டு கைகளையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு சாரே."

இந்த இடத்தில்தான் நான் எழுந்தேன். இருபத்தாறு வருடம் காசு எண்ணிய கை. பேய்க்கும் நாணயவியலுக்கும் ஒரே அளவு மரியாதை வைத்திருப்பவன் நான். வரிசையில் பத்துப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொற்பொழிவுக்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"படிச்ச மனுசன் பேசுற பேச்சா இது? காசுன்னா உலோகம், சார். உருக்கினா உருகும். அவ்வளவுதான்." சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினேன். "இந்தாங்க. போய் இளநி குடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்த வெள்ளியை எடுத்துப் பளிங்கில் ஒருமுறை சுண்டினேன்.

டொக்.

டொக்.

டொக்.

ஸ்ரீகண்டன் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ஓடினார் என்பது தெரியும்.

நாலு நாள் கழித்து, பத்து ஐந்துக்கு வந்தார். துண்டு இல்லை. நெற்றி குழந்தையின் நெற்றிபோல வழவழவென்று இருந்தது. மெல்லிய விபூதிக்கோடு. நடுவே பட்டாணி அளவுக்குச் சந்தனப் பொட்டு.

"லீலா, ஏதாவது வெள்ளி வந்துதோ?"

என் பக்கம் அவர் திரும்பவில்லை. நன்றி சொல்ல வேண்டாம், கண்ணையாவது பார்க்கலாம். அந்த அற்பத்தனத்தை நினைத்து இரண்டு நாள் ஆத்திரப்பட்டேன்.

ஓட்டையைத் திறந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்தத் தட்டான் பயந்தாங்கொள்ளி என்றால் சாலைக் கம்போளத்தில் தட்டானுக்கா பஞ்சம்? வங்கியிலிருந்து பத்து நிமிட நடை. கிளம்பப்போகும் நேரத்தில் கொச்சி வியாபாரி கிளைக்குப் போன் செய்தான். காசு என்னிடம் இருப்பது எப்படியோ தெரிந்திருக்கிறது. நாற்பத்தைந்து என்றான். சனிக்கிழமை நேரில் வருகிறானாம். ஒரு சனிக்கிழமைதானே? நான் சேகரிப்பாளன் இல்லை. இது வெறும் வியாபாரம்.

நெற்றியில் இருப்பது கொசுக்கடி. கொசு நடு நெற்றியில் கடிக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. எங்கள் கிறிஸ்தவ சபையில் சந்தனம் பூசும் வசதி கிடையாது என்பதால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். முதலில் சின்னது போதுமாயிருந்தது. இப்போது அகலமானது வாங்குகிறேன். வியாபாரிக்குச் சனிக்கிழமை ஏதோ கல்யாணமாம். அடுத்த சனிக்கிழமை உறுதி என்கிறான்.

இன்று காலை சீக்கிரமே கேபினுக்கு வந்து உட்கார்ந்து சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஈரக்காற்றுக்குப் பிளாஸ்திரியின் மேல் ஓரம் விட்டுவிட்டு எழும்பியது. அழுத்தி ஒட்டினேன். ஃபேன் காற்றில் மறுபடியும் எழும்பியது. மறுபடியும் ஒட்டினேன்.

லீலாபாய் வந்தாள். கேபின் கதவில் கை வைத்தவள் உள்ளே வராமல் நின்றுவிட்டாள்.

"சாரே, வெளியாள் உள்ளே வரக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் வச்சீங்க?"

"ஆமா. யாரு வந்தா?"

அவள் பார்வை என் முகத்தில் இல்லை. என் தோளுக்கு மேலே இருந்தது.

"பின்னே, உங்க பின்னால குனிஞ்சு நின்னு, பிளாஸ்திரியை உரிச்சு உரிச்சுப் பாக்கறது யாரு?"

ஃபேன் காற்று என்று சொல்ல வாய் திறந்து, தலையை உயர்த்தினேன்.

காலையிலிருந்தே கரண்ட் இல்லை.