காய்ந்த குமிழ்

ஷெட்டுக்குள் டிரெய்லர் மேல் நின்ற படகுக்கு அடியில் பதினொரு மீட்டர் தண்ணீர் இருப்பதாகத் திரை காட்டியது. உண்மையில் அங்கே இருந்தது முழங்கால் உயரத்துக்குக் காற்றும் அதற்குக் கீழே சிமெண்டுத் தரையும்தான்.

சின்னவன் டெஸ்டரைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு திரையை முறைத்தான். வீட்டு வயரிங் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படகில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. அக்கா வாங்கி வந்த மீன் காட்டும் கருவியில் ஒரு சின்னத் திரை, ஒரு நீளக் கேபிள், கேபிளின் நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குமிழ். குமிழைப் படகின் பின்பலகையில் தண்ணீருக்குள் முழுகும்படி மாட்ட வேண்டும். அது கீழே ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆழத்தையும், நடுவில் எது இருந்தாலும் அதையும் கோடாக வரையும். காற்றில் அது ஊமை. விளக்கப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு பொய்ப்படம் ஓடவிடுவார்களே, அதை அணைக்க மறந்துவிட்டோம் போல என்று தேடிப் பார்த்தான். அது அணைந்துதான் இருந்தது. கேபிளைப் பிடுங்கினான். திரை வெறுமையானது. மறுபடி செருகினான். 11.0. இந்த முறை ஒன்பது மீட்டரில் மெல்லிய கோடு ஒன்றும் ஓடியது.

"முடிஞ்சுதா?" வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"மிஷின் கோளாறு போலருக்குக்கா. திருப்பிக் குடுத்துரலாம்."

அக்கா வந்து குனிந்து பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "நல்லாத்தானே வேலை செய்யுது" என்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அத்தான் இதே படகில் ஏரிக்குப் போனார். படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஒன்பது நாள் தேடியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அக்கா மட்டும் விடவில்லை. இந்தக் கருவி மீனுக்காக இல்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போன மாதம் ஒருநாள் அவள் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுக் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தாள். சின்னவன்தான் முடியைப் பிடித்து இழுத்து வந்தான். அத்தான் கிடைக்காவிட்டால் போகட்டும். அக்கா உயிரோடு வீட்டில் இருக்க வேண்டும்.

அதனால்தான் அவன் ஒரு காரியம் செய்தான். பின்பலகையில் ஓட்டை போடாமல், ஒரு துண்டுப் பலகையை கிளாம்ப் வைத்து இறுக்கி, அதில் குமிழைத் தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் மேலே வேண்டுமென்றே திருகினான். நனையாத குமிழ் எதையும் பார்க்காது. வெறும் திரையோடு ஒரு மணி நேரம் சுற்றினால் ஏரி காலி என்று அக்காவின் மனசு ஆறிவிடும். ஷெட்டில் தெரிந்தது ஏதோ கரண்ட் கோளாறு. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் ஆகியிருக்கவில்லை, ஆனாலும் மேகம் கவிந்து, ஏரியின் மேல் புகைபோல மூட்டம் படிந்து, அழுகிய இலையும் ஈரமரமும் கலந்த வாடை மூக்கை அடைக்க, துடுப்பு வளையம் முனகுவதும் தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுவதும் தவிர வேறு சத்தமே இல்லாமல் அவர்கள் கரையை விட்டு விலகினார்கள். துடுப்புப் போடுகிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். எதிரே அக்கா, பின்பலகைக்கு முதுகு காட்டி, மடியில் திரையோடு இருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் அவன் மாட்டிய பலகையின் விளிம்பு தெரிந்தது.

"ஒம்போது" என்றாள் அக்கா.

அவன் துடுப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பின்பலகைக்கு வெளியே எட்டிப் பார்த்தான். குமிழ் காய்ந்து கிடந்தது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

"திரும்பிரலாம்க்கா."

"எட்டு."

படகைத் திருப்பினான். கரை இப்போது அவன் முதுகுக்குப் பின்னால்; கண்ணுக்கு முன்னால் மூட்டமும் அக்காவும் மட்டும். படகு நகர்ந்தால் கீழே நிற்கிற பொருளின் கோடு அறுந்துபோகும் என்று புத்தகத்தில் படித்திருந்தான். கூடவே வருகிற பொருளுக்குத்தான் கோடு அறுந்துபோகாது.

"கோடு அறுந்துச்சாக்கா?"

"இல்லடா. ஏறுது." அவள் குரலில் மூன்று மாதமாக இல்லாத ஒரு குழைவு இருந்தது. "ஆறு."

வலித்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கரைக்கு இன்னும் நாற்பது துடுப்பு இருக்கும். எண்ணிக்கொண்டே வலித்தான்.

"நாலு."

முப்பது.

"அதைப் பாக்காதக்கா. என்னைப் பாரு. அம்மா சோறு வச்சிட்டுக் காத்திட்டு இருக்காங்க."

"ரெண்டு."

தண்ணீர் படகைத் தட்டுவது நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. வளையம் மட்டும் முனகியது. துடுப்பு தண்ணீரை அள்ளியது. படகு நகரவில்லை.

பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது.

கேபிள் விறைத்தது.

"சைபர்" என்றாள் அக்கா.

அவள் தோளுக்குப் பின்னால், பலகையின் விளிம்பில், ஒரு விரல். வெளுத்து ஊறிய விரல். இரண்டு. நாலு. நகத்திடுக்கில் சேறு.



அக்கா திரும்பவில்லை. அவனையே பார்த்துச் சிரித்தபடி, தூக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தொட்டுப் பார்ப்பவள்போல, இடது கையைப் பின்னால் நீட்டினாள். விரல்கள் பலகையை விட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.