குரல்பலகைக் குடிமாற்றம்

பலகை 'மோர்' என்ற சொல்லைத் தொலைத்துவிட்டது என்பது யுகேந்திரனுக்கு மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. மனைவி மிருதுளா தட்டைப் பார்த்துத் தொண்டைக்குள் மெல்ல முனகினாள். மேசைமேல் சாய்த்து வைத்திருந்த குரல்பலகை ஒரு கணம் யோசித்து, "கொஞ்சம் ஊத்துங்க" என்றது. எதை என்று சொல்லவில்லை. அவர் ரசத்தையும் மோரையும் கொண்டுவந்து வைத்தார். அவள் மோரைத் தொட்டாள்.

முந்தின நாள் 'ஜன்னல்' போயிருந்தது. அதற்கு முன்னால் 'செவ்வாய்க்கிழமை'. பலகையின் நினைவுச் சில்லு செத்துக்கொண்டிருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு மூளையில் ரத்தம் கசிந்து மிருதுளாவுக்குப் பேச்சு நின்றுபோனது. வலது கை விழுந்தது. எழுத்துகள் வெறும் கோடுகளாகிவிட்டன. ஆமென்று தலையசைக்க நினைத்தால் இல்லையென்று ஆடும். காதும் அறிவும் மட்டும் முழுசாக இருந்தன. அவளைப் போன்றவர்களுக்கென்று அரசாங்கம் கொடுத்ததுதான் குரல்பலகை. மலிவான கருவி, தொண்டையில் எழும் அரைகுறை ஒலிகளைக் கேட்டுப் பேச்சாக்கித் தரும். ஊருக்கு நாலு பேர் அப்படிப் பேசினார்கள். கடைக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் ஆளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகியிருந்தார்கள்.

பலகையோடு வந்த அடிநிரல், அதாவது அதை எழுப்பி நடத்துகிற நிரல், மகா மந்தம். பல்லடத்தில் பின்னலாடை எந்திரங்களின் மின்சுற்றுகளைப் பழுது பார்க்கும் யுகேந்திரன், அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே ஒன்று எழுதினார். அவளைக் கூப்பிடுகிற 'மிருது' என்ற பேரையே அதற்கும் வைத்தார். சரளமாகப் பேசியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்டார். இப்போது நாலாயிரம் வீடுகளில் மிருதுதான் பேசிக்கொண்டிருந்தது.

பழைய பலகையைச் செய்த கம்பெனி மூடி வருஷங்களாகிவிட்டது. சந்தையில் கிடைத்தது வேறொரு மலிவுப் பலகை. அடிநிரலை அதற்குக் கொண்டுபோயாக வேண்டும். இந்த வேலைக்குக் குடிமாற்றம் என்று பேர். வீடு மாறுகிற மாதிரிதான். திரை, தொடுகை, மைக் இவற்றை ஓட்டுகிற கீழ்ப்பகுதி அந்தந்தக் கருவிக்கே உரியது. புது வீட்டின் அஸ்திவாரம் அது, தொடக்கூடாது. பழைய வீட்டுச் சாமான்களை மட்டும் எடுத்துப்போய் அதன்மேல் அடுக்க வேண்டும். ஒரு சாமான் இடம் மாறினாலும் கதவு திறக்காது.

முதல் இரண்டு நாளும் திறக்கவில்லை. கம்பெனி முத்திரை தோன்றும், அணையும், மறுபடி தோன்றும். மூன்றாம் நாள் காலை ஒருவழியாகத் திரை எழுந்தது, தலைகீழாக. இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் நகர்ந்தது. மிருதுளா இடது கை விரலால் அதை இங்கும் அங்கும் விரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை. யுகேந்திரனும் சிரித்தார். ஒரு வாரமாக அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

மிச்சமிருந்தது மைக். புது மைக் எப்படிக் கேட்கிறது என்று ஒப்பிட, பழைய பலகையின் நாட்குறிப்பைத் திறந்தார். ஒவ்வொரு பேச்சுக்கும் பலகை இரண்டு கணக்கு எழுதிவைக்கும்: காதில் விழுந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு. எழுதவைத்தது அவர்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருநாளும் படித்ததில்லை.

*இன்னிக்கு உடம்பு பரவாயில்லைங்க.* கேட்டது: ஒன்றுமில்லை. ஊகம்: முழுதும்.

*வெளிய எங்கயும் வேண்டாம், வீட்டுலயே இருக்கலாம்.* கேட்டது: 'வெளிய'.

அவர் கீழே கீழே போனார். நூற்றுக்கு ஒன்பது பங்குதான் அவள் குரல். மிச்சமெல்லாம் ஊகியின் வேலை.

ஊகி அவரே எழுதிய பகுதி. பழைய மைக் மட்டமானது. அடித்தொண்டை ஒலிகள் அதில் விழாது. விழாத இடங்களை நிரப்ப முதல் வருஷம் அவர் ஊகிக்குப் பாடம் நடத்தினார். மிருதுளா முனகுவாள், இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று அவர் ஒரு வாக்கியம் சொல்லுவார், ஊகி படித்துக்கொள்ளும். திருத்த அவளால் முடியாது. நன்றாகத்தான் படித்திருந்தது. ஒன்பது வருஷம் அவர் தன்னோடேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பதிவில் விரல் நின்றது.

*அக்கா, எனக்கு அசதியா இருக்கு. இன்னொரு நாள் வா.* கேட்டது: 'அக்கா'.

உடுமலையிலிருந்து மாசம் தவறாமல் வந்துகொண்டிருந்தவள் மிருதுளாவின் அக்கா ஹம்சா. ஆள் வந்தால் மிருதுளாவுக்கு அசதியாகிவிடும் என்று அவர் நினைத்து, ஊகிக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தார். ஹம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அப்புறம் போனோடு சரி. அன்றைக்கு மிருதுளா பலகையைக் கீழே தள்ளிவிட்டு இரண்டு நாள் அழுதாள். இந்த நோயில் காரணமில்லாமல் அழுகை வரும் என்றார் டாக்டர். யுகேந்திரன் ஊகியில் ஒரு வாக்கியம் சேர்த்தார்: *ஒண்ணுமில்லைங்க, சும்மா அழுகை வந்துடுச்சு.*

அதன் பிறகு அவள் அழும்போதெல்லாம் பலகை அதைச் சொன்னது.

அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். புது மைக் நல்ல மைக். ஊகி இல்லாமலே கேட்கலாம். ஆனால் எவ்வளவு கேட்கும் என்று தெரியாது. ஊகியையும் சேர்த்துக் குடிமாற்ற ஒரு வரி போதும். அந்தக் குரல் அவருக்கு வேண்டியிருந்தது. காலையில் எழுந்ததும் "தூங்குனீங்களா?" என்று கேட்கிற குரல் அது. ரொம்ப நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எழுதாமல் விட்டார்.

சனிக்கிழமை முற்பகல் புதுப் பலகையை அவள் முன்னால் வைத்தார்.

"மிருது, ஏதாச்சும் சொல்லு."

அவள் முனகினாள்.

"புரியல. திரும்பச் சொல்லுங்க" என்றது பலகை.

மிருதுளா திடுக்கிட்டுப் பலகையைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் ஒருதடவைகூட அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி முனகினாள். மறுபடியும் புரியவில்லை. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள்.

"நீ... மெலிஞ்சுட்ட."

இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள். அவள் அவரை நீ என்றுதான் பேசுவாள். 'நீங்க' போட்டதெல்லாம் பலகை.

"அந்தப் பழசு நீ சொன்னதைச் சொல்லவே இல்ல, மிருது" என்றார் யுகேந்திரன். "நான் நெனச்சதைத்தான் சொல்லிட்டு இருந்திருக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன் சொல்லல?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பலகை இரண்டு தடவை திரும்பக் கேட்டது.

"சொன்னேன். அது... வேற... சொல்லுச்சு."

அவர் அவளுடைய இடது கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அவள் அப்படியே விட்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா" என்றாள்.

"போன் போடட்டுமா?"

"போலாம்."

அன்றைக்கே பஸ் ஏறினார்கள். உடுமலையில் ஹம்சா கதவைத் திறந்து திகைத்து நின்றாள். மிருதுளா சொல்ல ஆரம்பித்தாள். புரியல, புரியல என்று பலகை ஐந்து தடவை சொன்னது. யுகேந்திரன் குறுக்கே வாய் திறக்காமல் நின்றார். அது அவருக்குச் சுலபமாக இல்லை.

"அன்னிக்கு... போகச்... சொல்லல" என்றாள் மிருதுளா. "இருன்னு... சொன்னேன்."

ஹம்சா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்தாள். இருட்டுகிறவரை இரண்டு பேரும் எழவில்லை.

புது அடிநிரலை யுகேந்திரன் இணையத்தில் ஏற்றினார். அந்தந்த வீட்டார் பாடம் நடத்தியிருந்த ஊகியை ஏன் விட்டுவிட்டேன் என்று மறைக்காமல் எழுதினார். பழைய பலகைகள் எங்கும் செத்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் புதுப் பலகை வாங்கி அதைப் போட்டார்கள். பத்து நாளில் புகார்கள் குவிந்தன. 'எங்கப்பா இப்படிப் பேசறவர் இல்லை.' 'எதைக் கேட்டாலும் புரியலங்குது.' 'என் வீட்டுக்காரி நல்லாத்தான் பேசிட்டிருந்தா, உங்க புது நிரல் கெடுத்துடுச்சு.' பாதிப் பேர் எங்கிருந்தோ ஊகியைத் தேடிப் பிடித்துத் திரும்பப் பொருத்திக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் கரூரிலிருந்து தண்டபாணி என்றொருவர் கூப்பிட்டார். குரலில் சண்டையில்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"எம் பொண்ணுக்கு விபத்துல பேச்சுப் போயிடுச்சுங்க. இருபது வயசு. தினமும் சாயங்காலம் அவளுக்குக் கதை படிச்சுக் காட்டுவேன். 'இன்னும் படிங்கப்பா'ன்னு சொல்லுவா. அதுக்காகவே வேலைய விட்டுட்டு ஓடியாருவேன். இப்ப நான் புஸ்தகத்தை எடுத்தாலே 'வேண்டாம்'ங்குது. ஏதோ பிழை இருக்குதுங்க. பழசையே போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

ஒரு வரி. இங்கிருந்தே அனுப்பிவிடலாம். அந்த மனிதர் எதற்காக ஓடிவருகிறார் என்பது யுகேந்திரனுக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மிருதுளாவைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சொன்னாள். பலகைக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது.

"அவள."

திரும்பச் சொல்லும்படி பலகை கேட்டது. அவர் அதற்குக் காத்திராமல் தானே ஊகித்துப் போனைக் காதுக்குக் கொண்டுபோனார்; பிறகு, ஊகித்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அவள... கேளு."

"ஐயா, உங்க பொண்ணு பக்கத்துல இருக்காங்களா?" என்றார் யுகேந்திரன் போனில்.

"இருக்காளுங்க."

"வேண்டாம்னா எது வேண்டாம்னு கேட்டீங்களா?"

மறுமுனையில் புஸ்தகத்தை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"கேளுங்க. எத்தனை தடவை புரியலன்னு சொன்னாலும் நடுவுல நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தூரத்தில் தண்டபாணியின் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது. ஒரு முனகல். புரியல. இன்னொரு முனகல். புரியல. யுகேந்திரன் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். மிருதுளா நாற்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு நெருங்கி வந்தாள். மூன்றாம் முறை, அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாள் என்று யாருக்கும் தெரியாத அந்த அமைதியில், இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக் கதை... வேண்டாம்" என்றது கரூர்ப் பலகை. "நான்... ஒண்ணு... சொல்றேன்."