பெயர் மேலே தெரியும்படி

"ஆறு மில்லிமீட்டர் எங்க போச்சு?"

மேற்கு தாம்பரத்தின் அந்த ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக எப்சி கேட்டாள். மழைக்கு ஒதுங்கியிருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்மலைத் தொலைத்த பெண்களைப் பார்த்திருக்கிறார்கள்... மில்லிமீட்டரைத் தொலைத்தவளை இப்போதுதான் பார்க்கிறார்கள்.

அவள் விரித்த தாளில் ஒரு கார் உதிரிபாகத்தின் படம். நிஜ அளவிலேயே அச்சாகியிருக்க வேண்டும். மறைமலை நகர் ஆலையில் பாகத்தைப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். விளிம்பும் கோடும் பொருந்த வேண்டும். இன்று காலை பொருந்தவில்லை. வரைந்தவள் என்ற முறையில் எப்சிக்கு அங்கே மானமே போயிற்று.

பெரிய தாள்களை அச்சிடும் பிளாட்டரின் பின்னாலிருந்து ஒருவன் வந்தான். ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தான்.

"இருநூறு இருக்கணும், நூத்தித் தொண்ணூத்தி நாலுதான் இருக்கு... ஆனா நான் அளவைத் தொடவே இல்ல மேடம்."

"அப்ப மழையில சுருங்கிடுச்சா? இது என்ன காட்டன் புடவையா?"

யாரோ சிரித்தார்கள். அவன் நிமிர்ந்தான். கோபமே இல்லாத கண்கள்... ரொம்ப நாளாகத் தேடியதைக் கண்டுபிடித்தவன் போல ஒரு பார்வை. திட்டு வாங்கும்போது யாராவது இப்படிப் பார்ப்பார்களா?

கடையை நடத்தும் ஞானஜோதி அக்காவுக்குத்தான் கோபம் வந்தது. "ஜாய்சா, இனிமே பிளாட்டர் பக்கமே போகாத. ஜெராக்ஸ் மட்டும் எடு."

அவன் முகம் வாடிவிட்டது. எப்சிக்கு ஜெயித்த மாதிரி இருந்தது, சிட்லபாக்கம் வீடு போய்ச் சேரும்வரை.

அடுத்த வாரம் ஆபீஸ் டிரைவர் வழக்கம்போல அந்தக் கடையிலிருந்து வாங்கி வந்த தாள் கன்னாபின்னாவென்று மடிந்திருந்தது. ஆறு மாதமாக அப்படி வந்ததேயில்லை. மேசையகலத் தாள் நோட்டளவுக்கு மடிந்து வரும். கீழ் மூலையிலுள்ள பெயர்க்கட்டம் மட்டும் மேலே தெரியும். ஒரே இழுப்பில் முழுசாகத் திறக்கும். பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தும் அவளுக்கே சரியாக வராத மடிப்பு அது. இத்தனை நாள் மடித்தது யார்... அவனா?

யோசித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் அந்த உதிரிபாகப் படத்தின் ஃபைலைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சுக்கு அனுப்பும் இடத்தில், படத்தைத் தாளுக்குள் அடக்கும் 'ஃபிட் டு பேப்பர்' டிக் அப்படியே இருந்தது. மேனேஜருக்குச் சின்னத் தாளில் காட்ட அவளே போட்டது... எடுக்க மறந்தது. படத்தைச் சுருக்கியது அவள்தான்.

யாருக்கும் தெரியாது. சொல்லாமலே விட்டுவிடலாம், ஊரில் வேறு கடையா இல்லை? மூன்று நாள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனாள். தப்பே செய்யாதவன் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்கிறான் என்ற நினைப்பு மட்டும் எந்தத் தெருவில் போனாலும் கூடவே வந்தது.

நாலாம் நாளும் மழை. கடை நிறைய ஆள்.

"அக்கா, தப்பு என்னோடது. ஃபைலையே நான்தான் சுருக்கி அனுப்பியிருக்கேன். அவர் மேல ஒண்ணுமே இல்ல."

சத்தமாகவே சொன்னாள். திட்டியது நாலு பேர் முன்னால் என்றால் மன்னிப்பும் அப்படித்தானே!

ஆதார் அட்டையை நகலெடுத்துக்கொண்டிருந்த ஜாய்சன் திரும்பினான். "அன்னைக்கு சாயங்காலமே எனக்குத் தெரியுங்க. ஃபைலைத் திறந்து அளந்து பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சங்கடப்பட்டு வேற கடைக்குப் போயிடுவீங்களே..."

"போனா உங்களுக்கென்ன?"

அவன் ஆதார் நகலை எடுத்து அடுக்கினான். காது மட்டும் சிவந்தது.

"அந்த மடிப்பு... நீங்கதானா?"

"அது... ரூல் மேடம். டிராயிங்னா பேர் மேல தெரியற மாதிரிதான் மடிக்கணும்."

"ரூலா?" ஞானஜோதி அக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மத்தவங்க ஷீட்டையெல்லாம் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் குடுக்கறவன்டா நீ! இந்தப் பொண்ணுக்கு மட்டும் அரை மணி நேரம் ஸ்கேல் வச்சு மடிச்சுட்டு..."

பெயர்க்கட்டத்தில் இருக்கும் வரி எப்சியின் நினைவுக்கு வந்தது. 'வரைந்தவர்: எப்சி.' முகம்கூடத் தெரியாமல் ஆறு மாதமாக அந்தப் பெயரை மேலே வைத்து மடித்திருக்கிறான்.

"கோட்டை எங்க மெலிசாக்கணும், தாள்ல எங்க காலி இடம் விடணும்னு இவ்ளோ அழகா தெரிஞ்ச ஆள் யாரா இருக்கும்னு தினமும் யோசிப்பேன்," என்றான் மெதுவாக. "அன்னைக்கு நீங்க வந்து கத்தினீங்க... எனக்கு சந்தோஷமா இருந்துச்சு."

"லூசு," என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போடா, பிளாட்டருக்கே போ," என்றாள் அக்கா.

திருத்திய படம் அச்சாகி வந்தது. ஸ்கேல் வைத்தான். சரியாக இருநூறு. பெயர்க்கட்டத்தில் அவள் பெயருக்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது. எப்சி பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"ஐயோ... உங்க ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்களே?"

"ஆபீஸுக்கு இன்னொன்னு போட்டுக்கலாம். இது வீட்டுக்கு..." அவள் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பாகிட்ட காட்டணும்."

ஜாய்சன் பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போட்டான். பிறகு அந்தப் பெரிய தாளை நிதானமாக மடித்தான், இரண்டு பெயரும் மேலே தெரியும்படி.