ரெண்டு தட்டினால் கீழே

அக்கா புருஷன் இன்னும் படியிறங்கிக்கொண்டுதான் இருந்தார். செருப்புச் சத்தம் மூன்றாவது மாடிப் பக்கம் கேட்டது. அதற்குள் லிஃப்ட் குழியிலிருந்து இரண்டு தட்டு மேலே வந்துவிட்டது.

டொக். டொக்.

மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். குழிக்குள் யாருமே இல்லையே?

அவனும் அக்கா புருஷனும் லிஃப்ட் மெக்கானிக்குகள். குழிக்குள் செல்போன் எடுக்காது. அதனால் கீழே இருப்பவர் லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டுவார். இரண்டு தட்டினால் மேலே இருப்பவன் பட்டனை அழுத்தி லிஃப்ட் பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். ஒரு தட்டு கேட்டால் பட்டனை விட்டுவிட வேண்டும், பெட்டி நின்றுவிடும். குழியில் இருந்த நிறுத்தும் சுவிட்ச் துருப்பிடித்து ஒரு வருஷமாகிறது. அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டார்கள்.

சற்று முன்புதான் மாமா சீண்டிவிட்டுப் போனார்.

"என்ன மாப்ள, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?"

"தூக்கமில்ல மாமா."

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள தூக்கம் போச்சா? பெட்டிக்கு அடியில நிப்பேன், பாத்து எறக்கு. உங்கக்காவுக்கு நான் ஒருத்தன்தான்."

மனச்சோர்வுக்கு இவன் ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுவது மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வேலைக்குக் கூட்டி வரமாட்டார். போன வாரம்தான் டாக்டர் அளவைக் கூட்டினார். "இதோட கஞ்சா கிஞ்சான்னு போயிடாதீங்க. நெஞ்சு எகிறும், தலை நம்ம பேச்சக் கேக்காது" என்றார். அந்தப் பழக்கமே இல்லை என்று இவன் தலையாட்டினான். இன்று மதியம் மாடியில் பெயின்ட் அடிக்கும் ஆள் நீட்டியபோது, மூன்று இழுப்புதானே என்று வாங்கிவிட்டான்.

செருப்புச் சத்தம் நின்றது. மாமா குழிக்குள் இறங்கியிருப்பார். கிரீஸும் சூடேறிய ரப்பரும் கலந்த வாடை தொண்டைக்குள் பிசுபிசுத்து இறங்க, ஜன்னல் வழியே விழுந்த மத்தியான வெயிலில் தூசி அசையாமல் நிற்க, சுவரில் சாய்ந்த முதுகு வியர்வையில் சட்டையோடு ஒட்டிக்கொள்ள, அந்தத் தட்டு மறுபடியும் வந்தது.

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

நெஞ்சில் கை வைத்தான். அங்கேயும் அதே இரண்டு. சத்தம் கீழே இருந்து வரவில்லை.

அப்படியானால் மாமா நிஜமாகவே தட்டும்போது எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பட்டன் பெட்டியை நீளமான வயரோடு தரையில் வைத்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நான்கடி தூரம். எழுந்தான், சுவர் பின்வாங்கியது. மறுபடி உட்கார்ந்தான். கயிறுகள் இறங்கும் ஓட்டையில் வாயை வைத்து மாமா என்று கூப்பிட்டான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்று மட்டும் வந்தது.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகினான். அப்படியே உட்கார்ந்தான். ஒன்றையும் தொடமாட்டேன். இது அடங்கும் வரை தொடவே மாட்டேன்.

கயிறு நகர்ந்தது.

மோட்டார் உறுமியது. யார் இயக்குவது?

குனிந்து பார்த்தான். இடது கை தொடைக்கு அடியில் இருந்தது.

வலது கை இல்லை.

அது பட்டன் பெட்டியைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் நகம் வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தது.

டொக்.

ஒரு தட்டு. விடு.

டொக். டொக். டொக். இப்போது எண்ண முடியவில்லை. வேகமாக. கண்டபடி.

விடு என்றான் விரலிடம். அது யாருடைய விரலோ போல இருந்தது.

ஓட்டை வழியே கீழே தெரிந்தது. இருட்டின் அடியில், பெட்டியின் ஓரத்தில் மாமாவின் டார்ச் வெளிச்சம். ஒரு கை அகலம். இரண்டு விரல் அகலம். அந்த இடுக்கில் ஏதோ பரபரத்தது. வெளிச்சம் நூலாக இளைத்தது.

கட்டைவிரல் அசையவில்லை.